மிட்ரல் வால்வுச் சுருக்கம்: தாய்வீட்டில் தங்கிவிடும் கோப்பு

ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் நள்ளிரவில் எங்கள் அவசரப் பிரிவுக்கு அழைத்துவரப்பட்டார். அவரால் படுக்க இயலவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தபடியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இருமும்போது இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை வந்தது. நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் குடும்பம். இரண்டு வாரமாகவே மூச்சு வாங்குவதாகக் கணவர் சொன்னார். “வயித்துப் பிள்ளைக்காரிக்கு இது இருக்கத்தான் செய்யும்” என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றியிருக்கிறார்கள். முன்பு ஏதேனும் இதய நோய் இருந்ததா என்று கேட்டோம். இல்லை என்றார் கணவர். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை.

விடியற்காலையில் வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய தாயார் ஒரு மஞ்சள் துணிப்பையுடன் வந்து சேர்ந்தார். பையில் பழைய மருத்துவக் கோப்பு ஒன்று இருந்தது. பதினான்கு வயதில் மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்தது, எக்கோ பரிசோதனையில் வால்வு பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது, மூன்று வாரத்திற்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டது என எல்லாம் அதில் தேதியோடு இருந்தன. கடைசி ஊசி திருமணத்திற்கு இரண்டு மாதம் முன்பு போடப்பட்டது. “கல்யாணத்துக்கு அப்புறம் ஊசி வேண்டாம்னு நாங்கதான் சொல்லி அனுப்பினோம் டாக்டர். மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா என்ன நினைப்பாங்களோன்னு பயம்” என்றார் அந்தத் தாய்.

இப்பெண் ஒருவரல்லர். அடையாளம் தெரியாதிருக்கும்பொருட்டு நாங்கள் கண்ட பல பெண்களின் வரலாற்றை ஒன்றாக்கி இங்கே எழுதுகிறோம். நோயின் பெயர் மிட்ரல் வால்வுச் சுருக்கம்.

கண்மாயும் மடையும்

நுரையீரலில் தூய்மையாகும் இரத்தம் இதயத்தின் இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து இடது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை அதனை உடல் முழுவதற்கும் தள்ளுகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இரண்டு இதழ்களாலான ஒரு கதவு இருக்கிறது. அதுவே மிட்ரல் வால்வு. நலமுள்ள ஒருவருக்கு அது திறக்கும்போது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை வழி கிடைக்கும். நோயில் இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தடித்து, நடுவில் மீனின் வாய்போல் ஒரு பிளவு மட்டும் எஞ்சுகிறது. வழி 1.5 சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்கும் கீழே போய்விட்டால் அதனைத் தீவிரச் சுருக்கம் என்கிறோம்.

கண்மாய்ப் பாசனம் அறிந்த நம் ஊர் மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. மடை பாதி அடைபட்டால் கீழ்வயல் காய்கிறது. மேலே தண்ணீர் தேங்கிக் கரையை முட்டுகிறது. இடது மேலறை அந்தக் கண்மாய். அதில் தேங்கும் இரத்தத்தின் அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகிறது. அங்கே நீர் கசிகிறது. மூச்சிரைப்பு அதனால் வருகிறது. கீழ்வயல் காய்வதுபோல உடலுக்குப் போதிய இரத்தம் கிட்டாமையால் களைப்பு உண்டாகிறது.

இன்னொன்றும் உண்டு. இதயத்தின் மடை எப்போதும் திறந்திருப்பதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை தளரும் சிறு பொழுதில் மட்டுமே அது திறக்கிறது. துடிப்பு வேகமாகும்போது அந்தப் பொழுது குறுகுகிறது. முறைப்பாசனத்தில் நம் வயலுக்குரிய நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் எப்படியோ, அப்படி. ஆகவே காய்ச்சல், இரத்தசோகை, அச்சம், ஓட்டம் என நாடியை விரைவுபடுத்தும் எதுவும் இந்நோயாளிக்குப் பகை. நாடியை நிதானப்படுத்தும் மாத்திரைகளை நாங்கள் தருவது இதற்காகவே. அந்த மாத்திரை வால்வைத் திறப்பதில்லை. மடை திறந்திருக்கும் நேரத்தை நீட்டிக்கொடுக்கிறது. ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் மருந்து எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். லேகியம், சூரணம், உணவுப் பத்தியம் எதனாலும் அது ஆவதில்லை.

தொண்டையில் தொடங்குவது

இளவயதில் காணும் மிட்ரல் சுருக்கம் பெரும்பாலும் தொண்டைப் புண்ணின் பின்விளைவாகும். ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டையில் புண் உண்டாகிறது. அதனை எதிர்க்க உடல் உண்டாக்கும் படை, சிலருக்கு மட்டும் ஆள் அடையாளம் தவறி, கிருமியைப்போல் தோற்றமளிக்கும் இதயத் திசுக்களையும் தாக்குகிறது. தொண்டைப் புண் ஆறி இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வீக்கமும் வருகின்றன. ருமாட்டிக் காய்ச்சல் என்பது இதுதான். மூட்டு வீக்கம் சுவடின்றிப் போய்விடும். வால்வில் விழுந்த வடு போவதில்லை. ஒவ்வொரு புதிய தொண்டைப் புண்ணும் அவ்வடுவை ஆழமாக்கலாம். நெருக்கமான வீடுகளில் பலர் ஒன்றாக உறங்கும் குடும்பங்களில் இக்கிருமி எளிதாகப் பரவுகிறது. நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்பிள்ளைகளைப் பற்றியும் எங்களுக்குக் கவலை உண்டு.

செல்வ நாடுகளில் முதல் காய்ச்சலுக்கும் மூச்சிரைப்புக்கும் இடையே இருபது முப்பது ஆண்டுகள் கடந்தன. நம் நாட்டில் அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுஜாய் ராயும் அவர் குழுவினரும் 1963இல் ‘லான்செட்’ இதழில் இந்தியாவின் இளவயது மிட்ரல் சுருக்கம் பற்றி எழுதினர். இருபது வயதுக்குள்ளேயே வால்வு மிகக் குறுகிவிடுவதை உலக மருத்துவர்கள் அதன் வாயிலாக அறிந்தனர். அன்று சொல்லப்பட்டதை இன்றும் எங்கள் புறநோயாளர் பிரிவில் காண்கிறோம்.

பெனிசிலின் ஊசியின் பொருள் இங்கே விளங்கும். அது வால்வைக் குணமாக்குவதற்கன்று. அடுத்த தொண்டைப் புண் வராமல் தடுப்பதற்கு. மருந்து இரத்தத்தில் ஏறத்தாழ மூன்று வாரமே நிற்கும் என்பதால் மூன்று வாரத்திற்கு ஒருமுறை போடுகிறோம். வலிக்கும் ஊசிதான், மறுக்கவில்லை. அதன் பயனோ அளந்து பார்க்கப்பட்டது. உகாண்டாவில் வெளித்தெரியாத தொடக்கநிலை வால்வு நோயுள்ள 818 சிறுவர் சிறுமியரை இரு பிரிவாக்கி ஈராண்டு கவனித்தனர். ஊசி போடப்பட்டவர்களில் நோய் முற்றியது 0.8 விழுக்காட்டினருக்கு; போடப்படாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கு. வால்வு பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது பத்தாண்டுகளோ நாற்பது வயது வரையிலோ, எது பிந்தியதோ அதுவரை, இதனைத் தொடர வேண்டியிருக்கும். சிலர் வாழ்நாள் முழுதும். திருமணம் அதற்கு ஒரு முடிவுத் தேதி அன்று. வால்வு மிக முற்றியவர்களுக்கு ஊசிக்கு மாற்றாக மாத்திரை நல்லதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பெனிசிலின் ஒவ்வாமை அரிதாக நேர்வதுண்டு. ஆதலால் அதனைச் சமாளிக்கும் வசதி உள்ள இடத்திலேயே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றில் குழந்தை வந்ததும்

இருபது வயதுப் பெண்ணின் வால்வு ஒரு சதுர சென்டிமீட்டராகக் குறுகியிருந்தாலும் அவர் வீட்டு வேலை, தோட்ட வேலை எல்லாம் செய்துகொண்டிருக்கக்கூடும். மெல்ல மெல்ல வந்த நோயாதலின் உடல் பழகிவிடுகிறது. மாடிப்படியைத் தவிர்ப்பதும், குடத்தை இடையில் ஒருமுறை இறக்கிவைப்பதும் தமக்கே தெரியாமல் வழக்கமாகிவிடும். கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்; பொய் சொல்லவும் மாட்டார்.

கர்ப்பம் இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது, நாடியும் விரைகிறது. கண்மாய்க்கு வரத்து ஒன்றரை மடங்கு, மடையோ அதே பாதி அடைபட்ட மடை, திறந்திருக்கும் நேரமும் குறைவு. ஐந்தாம் மாதத்திற்குப் பின் மூச்சிரைப்பு தலைகாட்டுவது இதனால்தான். பேறுகால நேரமும் அதற்கடுத்த ஓரிரு நாட்களும் எல்லாவற்றிலும் ஆபத்தானவை. குழந்தை பிறந்ததும் கருப்பை சுருங்கி, அதிலிருந்த இரத்தம் ஒரேயடியாக இதயத்திற்குத் திரும்புகிறது. தாயும் சேயும் நலம் என்று உறவினருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்த பெண்களை நாங்கள் கண்டிருக்கிறோம். எல்லாரையும் காப்பாற்ற முடிந்ததில்லை.

கர்ப்பிணிகளுக்கு ஓரளவு மூச்சு வாங்குவது இயல்புதான். எது இயல்பன்று? படுத்தால் மூச்சு முட்டி இரண்டு மூன்று தலையணை தேவைப்படுவது, உறக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்வது, இரவில் மட்டும் வரும் இருமல், சளியில் இரத்தம், நெஞ்சுப் படபடப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அன்றே சொல்லுங்கள், அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சளியில் இரத்தம் கண்டதும் காசநோய் என்று எண்ணி, மாதக்கணக்கில் அதற்கே மருந்து உண்டு வந்தவர்களும் உண்டு. மருத்துவர்களாகிய எங்கள் தரப்பிலும் குறை இருக்கிறது. இந்நோயின் ஓசை தாழ்ந்த உறுமலாகக் கேட்கும்; நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் குழிந்த பகுதியை மெல்ல வைத்துக் கேட்டால்தான் பிடிபடும். கூட்டமும் சந்தடியும் நிறைந்த புறநோயாளர் பிரிவில் அது தவறிப்போகிறது. எக்கோ பரிசோதனையில் தவறாது. கதிர்வீச்சு இல்லாத, ஊசி இல்லாத சோதனை அது; வயிற்றுக் குழந்தைக்குச் செய்யும் ஸ்கேன் போன்றதே.

விரலிலிருந்து பலூனுக்கு

ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் முயற்சிக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1925இல் இலண்டனில் ஹென்றி சௌட்டர் என்னும் அறுவை மருத்துவர், துடித்துக்கொண்டிருந்த இதயத்துள் தம் விரலை நுழைத்து ஒரு பெண்ணின் மிட்ரல் வால்வைத் தொட்டு விரித்தார். அவர் பிழைத்தார். ஆயினும் அதன்பின் வேறெந்த மருத்துவரும் சௌட்டரிடம் இத்தகைய நோயாளியை அனுப்பவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் சென்று 1948இல்தான் அமெரிக்காவில் பெய்லி, ஹார்க்கன் ஆகியோர் வழியாக அந்த அறுவை மறுபிறவி எடுத்தது.

நம் மாநிலத்திற்கும் இவ்வரலாற்றில் நல்ல பங்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1949இல் டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். இதய நுரையீரல் எந்திரத்தின் துணையின்றி, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே விரலாலும் ஒரு விரிப்பானாலும் வால்வைத் திறக்கும் மூடிய முறை அறுவை அங்கே பல்லாண்டுகள் செய்யப்பட்டது. டாக்டர் ஸ்டான்லி ஜானும் உடன் பணியாற்றியோரும் இவ்வாறு சிகிச்சை பெற்ற 3,724 நோயாளிகளின் நீண்டகால விளைவுகளை 1983இல் ‘சர்குலேஷன்’ இதழில் வெளியிட்டனர். பணமும் கருவியும் குறைந்த நாட்டில் குறைந்த செலவில் இத்தனை பேரைத் தேற்ற முடியும் என்பதற்கு அது சான்று.

இன்று பெரும்பாலோர்க்கு மார்பைத் திறக்க வேண்டியதில்லை. ஜப்பானியரான டாக்டர் கான்ஜி இனோவே உருவாக்கி 1984இல் வெளியிட்ட பலூன் முறையே வழக்கத்தில் உள்ளது. தொடையின் மேற்புறத்தை மட்டும் மரக்கச்செய்து, அங்குள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வலது மேலறைக்கும், நடுச்சுவரில் ஒரு சிறு துளையிட்டு இடது மேலறைக்கும் கொண்டுசெல்கிறோம். வால்வின் நடுவில் நிற்கும் பலூனைச் சில நொடிகள் விரிக்கும்போது ஒட்டிய ஓரங்கள் பிரிகின்றன. நோயாளி விழித்தபடியே இருப்பார். பலர் மேசையிலிருந்து இறங்கும் முன்பே மூச்சு இலேசானதாகச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். கர்ப்பிணிக்கும் இதனைச் செய்யலாம். மாத்திரையாலும் ஓய்வாலும் மூச்சிரைப்பு அடங்காதபோது, இயன்றவரை ஐந்தாம் மாதத்திற்குப் பின், வயிற்றைக் கதிர்வீச்சுத் தடுப்பால் மூடிச் செய்கிறோம்.

எல்லா வால்வுக்கும் பலூன் பொருந்தாது. மேலறையில் இரத்தக்கட்டி இருந்தாலோ, வால்வில் கசிவு மிகுந்திருந்தாலோ, சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தாலோ அது ஆபத்தாகும். வெற்றிகரமாகத் திறந்த வால்வும் ஆண்டுகள் கழித்து மீண்டும் குறுகலாம். பலூன் செய்தாயிற்று, ஊசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை இதுவே.

மாற்று வால்வும் மாத்திரையும்

வால்வையே மாற்ற நேர்ந்தால் உலோக வால்வு, விலங்குத் திசு வால்வு என இருவகை உண்டு. உலோக வால்வுகளுள் ஒன்று நம் அண்டை நகரில் பிறந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அது. இறக்குமதி வால்வுகளின் விலைக்கு எட்டாதிருந்த குடும்பங்களுக்கு அது பெருந்துணையாயிற்று.

உலோக வால்வு நீடித்து உழைக்கும்; ஆனால் அதன்மேல் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை வாழ்நாள் முழுதும் வேண்டும். நாடி ஒழுங்கு தவறிய மிட்ரல் சுருக்க நோயாளிகளுக்கும், வால்வு மாற்றாவிட்டாலும், இம்மாத்திரை தேவை. விரிந்த மேலறையில் உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் உண்டாக்கும். மாதந்தோறும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துள்ளனவே என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். ருமாட்டிக் வால்வு நோயோடு நாடி ஒழுங்கின்மையும் உள்ள 4,500க்கு மேற்பட்டோரை 24 நாடுகளில் ஆராய்ந்து 2022இல் வெளியான முடிவில், பழைய மாத்திரை உண்டோரிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது. எனவே மருந்துக்கடையில் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டாம்.

முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் விலக்கா என்பது அடுத்த கேள்வி. நம் மாவட்டத்தில் முருங்கையை விலக்கச் சொன்னால் யார் கேட்பார்! விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும், அடுத்த வாரம் அறவே இல்லை என்பதுதான் கூடாது. அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்பதும், பெயர் தெரியாத பொடிகளும் கூடாது.

வார்ஃபரின் உண்ணும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே எங்களிடம் வர வேண்டும். முதல் மூன்று மாதங்களில் இம்மாத்திரை கருவைப் பாதிக்கலாம். அச்சத்தில் தாமாகவே நிறுத்தினாலோ உலோக வால்வு அடைபட்டுத் தாயின் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. அதனைத் திட்டமிட்டுத்தான் நடக்க முடியும்.

முதியோர்க்கு வரும் பெருந்தமனி வால்வுச் சுருக்கம் முற்றிலும் வேறு நோய். முதுமையில் சுண்ணாம்பு படிவதால் வருவது. அதனை இன்னோர் இதழில் எழுதுவோம்.

கோப்பில் இருக்க வேண்டியவை

பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தில் ருமாட்டிக் இதய நோயும் சேர்க்கப்பட்டுள்ளது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு சீட்டு எழுதிக்கொடுத்தால் அதனைப் புத்தகப்பையிலேயே விட்டுவிடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதில் இதய வால்வுச் சிகிச்சைகளும் அடங்கும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

பெண்ணுக்கு வரன் பார்க்கும் பெற்றோரிடம் எங்களுக்கு நெடுநாளாக ஒரு வேண்டுகோள் உண்டு. மறைப்பதன் காரணம் எங்களுக்குத் தெரியாததன்று. சொன்னதால் நின்றுபோன திருமணங்களையும் அறிவோம். இருப்பினும் நிச்சயத்திற்கு முன் ஒருமுறை பெண்ணோடு எங்களிடம் வாருங்கள். எக்கோ பார்த்து, பலூன் தேவையெனில் திருமணத்திற்கு முன்பே செய்துவிடலாம். தொடையில் ஊசித் தழும்பு தவிர வேறு அடையாளம் இராது. மாப்பிள்ளையையும் அழைத்து வந்தால் நாங்களே உட்கார்ந்து சொல்கிறோம். வால்வு நன்கு திறந்த பெண் மணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். அப்படிச் சொல்லி அனுப்பிய சில குடும்பங்களில் மாமியாரே மூன்று வாரத்திற்கு ஒருமுறை மருமகளை ஊசிக்கு அழைத்து வருகிறார்.

கடைசி எக்கோ அறிக்கை, ஊசி போட்ட தேதிகள், உண்ணும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஐ.என்.ஆர். அளவுகள், எந்த மருந்து ஒவ்வாது என்பது ஆகிய ஐந்தும் கோப்பில் இருக்கட்டும். கைப்பேசியில் படமெடுத்துக் கணவர், தாய் இருவரிடமும் வைத்திருங்கள். பல் பிடுங்குவதற்கு முன்பும் அதனைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிலக்கோட்டைப் பெண்ணின் நுரையீரல் நீரை மருந்தால் வடித்து, நாடியை அடக்கி, நான்காம் நாள் பலூன் சிகிச்சை செய்தோம். வால்வின் வழி 0.8இலிருந்து 1.7 சதுர சென்டிமீட்டராயிற்று. அன்றிரவு ஒரே தலையணையில் படுத்து உறங்கினார். ஒன்பதாம் மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்து அனுப்பினோம். வீடு திரும்பும் நாளில், அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்று கணவர்தான் கேட்டார். மஞ்சள் பையையும் அவரே வாங்கிக்கொண்டார்.